இரண்டாம் பக்கம், நான்காவது பாட்டு

கீழ்வரிசைப் பற்களுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று
ஒரு பெட்டி இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஃபெரிதுன்.
சுரங்கக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்ந்தவர்.
கடன்காரர் போல இல்லை, விருந்தாளி போல உட்கார்ந்து
புதுப் பல்லால் வெள்ளரிக்காய் கடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

சொங்குல்தாக்கில் அன்றைக்கும் மழை.
மழையென்றால் கரி கலந்த மழை,
காயப்போட்ட துணி மறுபடி துவைக்கக் கேட்கும்.
நான் பல் செய்கிறவள். மெழுகு, பிளாஸ்டர், சின்னச் சுத்தி.
முடியளவு விரிசலும் என் கண்ணுக்குத் தப்பாது.
பதினேழாவது தட்டை வெளிச்சத்தில் சாய்த்தபோதே தெரிந்தது
இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல்,
மோதிரம் போட்ட விரல் இழுத்தது போல.

அட்டையில் கடலுக்குள் இறங்கும் ஒரு படிக்கட்டு.
‘உப்புப் படி’ என்று பெயர். வருடம் எழுபத்து நான்கு.
நான் பிறக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.
பாடியவள் வில்தான். கூட மூன்று ஆண்கள்.
நால்வருக்குமே போட்டோவுக்கு முகம் காட்ட இஷ்டமில்லை.

முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை.
சாஸ் வாத்தியத்தில் மின்சாரத்தை ஏற்றி
குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஒரு சத்தம்.
இரண்டாம் தடவை பல் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.
முதல் பக்கம் மூன்றாவது பாட்டில் டிரம்காரன் தாளம் தவறுகிறான்.
தவறியதை அவர்கள் அழிக்கவில்லை.
பேஸ் கிதார் அவனுக்காக அரை அடி காத்திருந்து
கையைப் பிடித்துச் சாலை தாண்டவைப்பது போல
கூட்டிக்கொண்டு போகிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேறெதுவும் கேட்கவில்லை.
மேல்வீட்டு ருக்கியே துடைப்பக்கட்டையால் தரையை இடிப்பாள்.
பிப்ரவரிக்குப் பிறகு தாளத்தோடு இடித்தாள்.

கீறல் விழுந்த பாட்டில்
வாத்தியங்கள் விலகிக் குரல் மட்டும் நிற்கும்.
ஒரு நாற்காலி கிறீச்சிடும். அவள் மூச்சிழுப்பாள்.
போகாதே
டக்
போகாதே
டக்
போகாதே
நான் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கும் வரை.

ஜெர்மனியில் வேலை கிடைத்து ஓர்ஹுன் பெட்டி கட்டிய இரவு
நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.
தட்டைப் போட்டுவிட்டுப் பருப்பு சூப் கிளறப் போனேன்.
அந்த இடம் வந்தது.
கை ஈரம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு
ஊசியைத் தூக்கப் போகவில்லை.
நாற்பது தடவையாவது இருக்கும்.
சட்டை மடித்துக்கொண்டிருந்தவன்
முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை,
பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஷேவிங் பிரஷ்ஷை மட்டும் எடுத்து
குளியலறைக் கண்ணாடி முன் திரும்ப வைத்தான்.
பதினோரு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது.

போன செவ்வாய் இஸ்தான்புல்லில், கடிக்கோய் பக்கம்,
பிளாஸ்டர் வாங்கப் போன தெருவில் ஒரு தட்டுக் கடை.
காதில் பென்சில் செருகிய பையன்
கீறலே இல்லாத ‘உப்புப் படி’யைச் சுழலவிட்டான்.
நாற்காலிக்குக் காத்திருந்தேன். மூச்சுக்குக் காத்திருந்தேன்.

போகாதே
என்று சொல்லமாட்டேன்,
கதவு உள்பக்கம் திறக்கும், கொஞ்சம் இழு.

அவ்வளவுதான் அந்த வரி.
“அக்கா, தண்ணீர் தரட்டுமா?” என்றான் பையன்.

விலை, இரண்டு கடைவாய்ப் பற்கள் செய்கிற கூலி. வாங்கினேன்.
ஐந்து மணி நேர பஸ். மடியில் தட்டு, அதன்மேல் மழைக்கோட்டு.
இஸ்மித் தாண்டியதும்தான் தோன்றியது,
அந்தக் கீறலை யார் போட்டிருப்பார்கள், எந்த இரவில் என்று.
ஃபெரிதுனைக் கேட்கலாமென்றால்
என் பல்லோடு அவரைப் புதைத்து நாலு வருடம் ஆகிறது.

வீட்டில் ஓர்ஹுன் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தான்.
“என்ன அது?”
“அதேதான். இன்னொன்று.”
“எதற்கு இரண்டு?”
எண்ணெய் சடசடத்தது.
மீனைத் திருப்பு, கருகுது என்றேன்.