லாடம்

பகலில் செருப்புத் தைப்பேன்.
இரவில் நான் பல்கலைக்கழகத்தின் நாய்.
வைது சொல்லவில்லை; எங்கள் உத்தியோகத்துக்கே
கேம்பிரிட்ஜ் வைத்த பெயர் அது.
உயரத் தொப்பி, கறுப்பு மேலங்கி.
முன்னால் பிராக்டர், வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு.
அவர் விரல் நீண்டால் நான் ஓட வேண்டும்.

பிப்ரவரி. ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி.
விளக்குக் கம்பத்தடியில் இரண்டு பேர்.
விரல் நீண்டது.

பையன் புல்தரைப் பக்கம் ஓடினான், ஓசையில்லை.
அவள் கல் பாவிய சந்துக்குள்.
டக், கிண். டக், கிண்.

இடது குதிகாலில் மட்டும் லாடம்.
துவைத்த துணிக்கூடை சுமக்கும் இடுப்பு,
அந்தப் பக்கம்தான் தேயும்.
அடித்தவன் நானேதான், போன செவ்வாய்.
ஏழு ஆணி. நாலு பென்ஸ் பாக்கி.

பனி கண்ணைத்தான் மறைக்கும்.
என் வேலை நல்ல வேலை,
மூன்று சந்து தள்ளியும் கணீரென்று கேட்டது.

காலையில் துணைவேந்தர் அறை. கதவைச் சாத்தினார்கள்.
வக்கீல் இல்லை. சத்தியம் செய்யச் சொல்லி
என்னையும் யாரும் கேட்கவில்லை.
பெயர், கெசையா மர்ஃபிட். வயது, பத்தொன்பது.
குற்றம், தீயவள் என்ற ஐயம்.
என்ன செய்தாள் என்று எழுத
பேரேட்டில் கட்டம் கிடையாது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பூட்ஸைப் பார்த்தாள்.
பதினாலு நாள்.

பையனும் அகப்பட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன்.
கவுன் போடாமல் வெளியே வந்ததற்கு
ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ்.
தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டது நான்.

இந்த ஊரில் நூல் இரண்டு வகை.
ஒன்றை அவர்கள் வாசிக்கிறார்கள்.
மற்றதை நூற்க எந்தப் புண்ணியவானோ கட்டிய வீட்டில்
இப்போது ராட்டை இல்லை.
இரும்புக் கட்டில், ஈரக் கம்பளி,
கண்ணாடி போன ஜன்னல்.
பெயர் மட்டும் நூற்பு வீடு.

மார்ச்சில் கடை வாசலில் வந்து நின்றாள்.
இருமி முடித்தாள்.
நாலு பென்ஸை ஒவ்வொன்றாக வைத்தாள்.
இடது பூட்ஸைக் கழற்றி நீட்டினாள்.

"இரும்பைப் பிடுங்கிடுங்க."
"சீக்கிரம் தேஞ்சிடுமே."
"தேயட்டும்."

குறடு எடுத்தேன். ஆறு ஆணி வந்தது.
ஏழாவது வர மறுத்தது.
நல்ல வேலை என்று சொன்னேனே.

கூலி எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்பது தொண்டை வரை வந்தது.
ஒரு பென்னி, என்றேன்.
கொடுத்தாள்.

போனாளா, கதவுக்கு வெளியே
இன்னும் நிற்கிறாளா,
கேட்கவில்லை.