வாராக்கடன்

ஒவ்வொரு மார்ச்சிலும் ஆடிட்டர் கேட்பார்,
"இந்த நூற்று நாற்பது ரூபாயை
என்னம்மா செய்யறது?"

நாலு மாடி. எழுபத்திரண்டு பேருக்குச் சம்பளம்.
தீபாவளிக்கு முந்தின வாரம் லாரன்ஸ் ரோட்டில்
என் வாசலுக்கென்றே ஒரு டிராஃபிக் போலீஸ்.
அத்தனை கணக்கிலும் அவருக்கு உறுத்துவது
இந்த ஒரு வரி.
தள்ளுபடி எழுதிவிடலாம் என்பார்.
பார்க்கலாம் சார், டீ ஆறுது என்பேன்.

தையல்நாயகி என் பெயர்.
கடைக்கும் அதையே வைத்தேன்.
இன்றும் யாராவது ஜாக்கெட் துணியோடு வந்து
அளவெடுக்கச் சொல்கிறார்கள்.
தானே புயல் பலகையில் பாதியைப் பிய்த்துப் போக
'நாயகி' மட்டும் மிஞ்சிய பதினோரு நாள்
அந்தத் தொல்லை இல்லை.

அப்பா முதுநகர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார்.
அதைப் பேட்டியில் கேட்பார்கள், சொல்வேன்.
முதல் சரக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
பன்னிரண்டு நைட்டி,
தோட்டை அடகு வைத்து ஈரோட்டில் எடுத்தது.
ஒன்றில் கை கோணல்.
அதைத்தான் முதலில் விற்றேன்.

சிமென்ட் சாக்கை உதறி உள்ளே பெட்ஷீட் விரித்து
தேவனாம்பட்டினத் தெருவில் கூவப் போனால்
குரல் வரவில்லை. நாய்தான் வந்தது.

வாரம் இருபது ரூபாய். ஞாயிறு வசூல்.
காசில்லாத வாரம் சங்கரா மீன் தருவார்கள்,
புதுப்பாளையத்தில் இறங்கி விற்பேன்.
துணியில் மீன் வாசம், தலைமுடியில் மீன் வாசம்.
மஞ்சக்குப்பத்துப் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே
பத்து ரூபாய் குறைத்துக் கேட்பார்கள்.

அஞ்சலாட்சி குறைத்துக் கேட்டதில்லை.
விரித்து, இரண்டு பக்கமும் தடவி,
"பை எங்க?" என்றாள்.
நைட்டிக்கு ஏது பை?
"மீன் வித்த காசை உன் தலையிலயா வைக்க?"

அன்று ராத்திரி வாடகை மிஷினில்
மிச்சமிருந்த எல்லாவற்றுக்கும் பை வைத்தேன்.
அடுத்த வாரம் முப்பது கேட்டார்கள்.
அப்புறம் நூறு.
இன்று திருவண்ணாமலை வரை போகிறது
பை வைத்த கடலூர் நைட்டி.
யோசனை என்னுடையது என்று
வணிகர் சங்கத்தில் கேடயம் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.

கடல் ஏறி வந்ததும் ஒரு ஞாயிறுதான்.
பொங்கல் சரக்குக்கு விடியவிடியப் பை தைத்துவிட்டு
ஒன்பது மணி வரை தூங்கிப்போனேன்.
நான் இருப்பதற்கு
வேறு காரணம் எதுவும் கிடையாது.

பதினாறாம் நாள் கழித்துப் போனேன்.
நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.
ஈரோட்டுக்காரனுக்கு நான் கட்ட வேண்டியிருந்தது.
தெரு இருந்த இடத்தைப் பார்த்ததும்
நோட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டேன்.

அவள் நாத்தனார்தான் பேசினாள்.
முகம் தெரியவில்லையாம்.
சிவப்பு நைட்டியில் பச்சை நூல் பை,
அதை வைத்துக் கண்டுபிடித்தார்களாம்.
சிவப்பு நூல் தீர்ந்த ராத்திரி நான் தைத்தது.
கார்த்திகையில் எடுத்தாள்,
இரண்டு தவணை கட்டியிருந்தாள்.
பைக்குள் ஈரமாய் ஒரு இருபது ரூபாய்.
எனக்கு எடுத்து வைத்ததா, ஐஸ்காரனுக்கா,
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மற்ற பக்கங்களை அடித்துவிட்டேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
பின்னால் இரண்டு பேர் தேடி வந்து கட்டினார்கள்,
எண்ணி வாங்கிக்கொண்டேன்.
இந்தப் பக்கம் மட்டும்
நோட்டிலிருந்து பெரிய நோட்டுக்கு,
அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு.
கெடிலம் கீழ்த்தளத்துக்குள் புகுந்த வருஷம்
நனைந்த பட்டைப் பாதி விலைக்குத் தள்ளியபோதும்
முதலில் மேலே தூக்கிப் போனது
அந்தப் பழைய நோட்டைத்தான்.

இந்த மார்ச்சில் புது ஆடிட்டர், சின்னப் பையன்.
"பார்ட்டி விலாசம் இல்லையே மேடம்?"
தேவனாம்பட்டினம் என்கிறேன்.
"தெரு?"

கேமரா திரையில், மூன்றாம் மாடியில்,
யாரோ ஒருத்தி
ஹேங்கரில் தொங்கும் நைட்டிக்குள் கைவிட்டு
பை எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறாள்.
அப்புறம்தான் விலைச்சீட்டைத் திருப்புகிறாள்.