கீழ்ப் பலகை தனி விலை

காலை நாலே முக்கால்.
டுலூத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
போனில் ஒரு பெண்குரல்:
கேரேஜில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம்,
போய்ப் பார்த்தால் யாரும் இல்லை,
கதவு மட்டும் எழுந்திருக்க மறுக்கிறது,
உள்ளே கார்,
ஆறரைக்குப் பள்ளி பஸ்ஸை நான் எடுத்தாக வேண்டும்.

ஸ்பிரிங், என்றேன், பார்க்காமலே.

மார்லிஸ் ஹியெட்டலா. அறுபதைத் தாண்டியிருக்கும்.
இரவு உடைக்கு மேல் யாரோ ஒரு ஆணின் கோட்டு.
கையில் காபி, எனக்கும் ஒன்று.
ஏரிக்காற்று வாசலில் நின்று
கத்தி தீட்டிக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்துக் காட்டினேன்.
தண்டின் மேல் சுருள் இரண்டாக அறுந்து
நடுவே இரண்டு விரல் இடைவெளி.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான்.
நூற்றெண்பது பவுண்டுக் கதவு லேசானது என்று
இத்தனை நாள் உங்களை நம்பவைத்தது இதுதான்.
பத்தாயிரம் தடவை இதன் ஆயுசு.
நாளைக்கு நாலு தடவை என்றால்
ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.
"இது பதினாறு வருஷம் ஓடியதே."
அப்படியானால் நீங்கள் அதிகம் வெளியே போகவில்லை,
என்று சொல்லியிருக்கக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

விலை அட்டையை விரித்தேன்.
ஒரு ஸ்பிரிங் இருநூற்றெண்பது.
ஜோடியாக மாற்றினால் நானூற்றிருபது.
ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும்
(எல்லோரிடமும் சொல்வேன், பாதி உண்மை).
கேபிள், உருளைகள், அறுபது.
விடியுமுன் வந்ததற்கு எழுபத்தைந்து.
முழுக் கதவு, மோட்டாரோடு, இரண்டாயிரத்து அறுநூறு;
அதில்தான் எனக்குக் கமிஷன்,
அதனால் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

கீழ்ப் பலகை தனி விலை.
அதில் ஒரு குழி இருந்தது,
பூசணிக்காய் ஒன்று உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி.
அறுநூற்றைம்பது ஆகும்,
இந்தப் பழுப்பு நிறம் இப்போது வருவதில்லை, என்றேன்.
அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
"ஸ்பிரிங் மட்டும் போடு. ஜோடியாக."

ஏணி மேல் நிற்கிறேன்.
முறுக்குக் கம்பிகள் இரண்டு கையிலும்.
முப்பது கால்சுற்று, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.
நடுவில் கவனம் சிதறினால்
கம்பி மணிக்கட்டைக் கேட்கும்.
அந்த நேரம் பார்த்து, என் முதுகிடம், அவள் சொன்னாள்:

"அதை இடித்தது நான்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் குடித்துவிட்டு வந்த ராத்திரி.
தெரிந்திருந்தால் பஸ் லைசென்ஸ் போயிருக்கும்.
கோல்பிக்கு அப்போது பதினேழு,
காலையில் எழுந்தபோது
எங்கே இடித்தோம் என்று அவனுக்கே குழப்பம்.
ரிவர்ஸ் தெரியாத கழுதை என்றேன்.
புல் வெட்டிச் சேர்த்ததில் இருநூறு வாங்கிக்கொண்டேன்.
பலகையை மாற்றவில்லை.
கரண்ட் பில் கட்டினேன்."

பதினெட்டா, பத்தொன்பதா?
எண்ணிக்கை போய்விட்டது.
எல்லாவற்றையும் தளர்த்தி
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
அதற்கு நான் காசு கேட்கவில்லை.

ஆறு பத்து. கதவை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன்,
பாதியில் விட்டேன், பாதியிலேயே நின்றது.
நல்ல கதவு அப்படித்தான் நிற்கும்.
காரின் மூக்கில் செக் புத்தகத்தை வைத்து
எனக்கு ஐந்நூற்றைம்பத்தைந்து எழுதினாள்.
கிழித்துத் தந்தாள்.
"இருநூறுக்குப் பதினோரு வருஷ வட்டி எவ்வளவு வரும்?"
எனக்கு ஸ்பிரிங் கணக்குதான் தெரியும், என்றேன்.

அடுத்த தாளில் எழுதினாள்.
கோல்பி ஹியெட்டலா. அறுநூற்றைம்பது.
எதற்காக என்று கேட்கும் கோட்டில் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.
மை உறைந்ததோ என்னவோ, ஊதினாள்.
கீழ்ப் பலகை, என்று எழுதினாள்.

பொத்தானை அழுத்தினாள்.
குழியும் கதவோடு சேர்ந்து ஏறியது.
அதற்கு அடியில் கார் ரிவர்ஸில் வந்தது,
ரொம்ப மெதுவாக,
இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி.

அனுப்பினாளா, தெரியாது.
என் செக் வியாழக்கிழமை பாஸாயிற்று.