போக மட்டும்

ஒருவழி டிக்கெட் கேட்டு என் கடைக்கு வருகிறவர்கள்
வேலை விசாவும் தூங்காத கண்ணுமாய் வருவார்கள்.
ரியாத், மஸ்கட், குவைத்.
திரும்புவது கம்பெனி பாடு.

செங்கமலம் மேடம் வந்தது மார்ச் மாதப் பிற்பகல்,
லெட்சுமாங்குடிப் பாலத்தில் வெயில் தாரை உருக்கிய நேரம்.
பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருடம்.
வெண்ணாற்று மதகுகளைத் திறக்கச் சொன்னவர், மூடச் சொன்னவர்,
எத்தனை கன அடி என்று நோட்டில் எழுதியவர்.
நாற்காலியில் உட்காராமலே சொன்னார்:
"நாச்சியா, லண்டனுக்குப் போக மட்டும்.
நியூயார்க்கிலிருந்து வர மட்டும்.
நடுவில் கப்பல்."

எந்த நடுவில் என்றேன்.
"அட்லாண்டிக்."
கீழே உரக்கடையில் அரை மூட்டை யூரியா கேட்கிற குரல்.
இரண்டு நாட்டு விசாவும் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

திருச்சி, கொழும்பு, லண்டன்.
தட்டிப் பார்த்தேன்.
போய்வர அறுபத்தெட்டாயிரம்.
போக மட்டும் எழுபத்தொன்று.
மூடித் தேங்காய் முழுத்தேங்காயைவிட விலை கூட
என்பதை எந்த முகத்தோடு சொல்வது?
கப்பலிலும் அதே கதை,
ஒற்றை ஆள் இருவர் காசு கட்டவேண்டும்.
"இதில் என்ன புதுசு" என்றார்,
ஒவ்வொரு மாற்றலுக்கும் தனியாய் வாடகை வீடு தேடியவர்.

போய்வரப் போட்டுவிட்டு, வருகிறதை விட்டுவிடலாம்,
சிலர் செய்கிறார்கள் என்றேன்.
"ஒரு சீட் காலியாய் வரும். வயலுக்குத் திறந்தது
வடிகாலில் விழுகிற மாதிரி. வேண்டாம்."

கப்பலை நட்டுவைத்து, பின்னோக்கி அடுக்கினோம்.
வெள்ளி மாலை சவுத்தாம்ப்டனில் புறப்பாடு.
விமானம் தாமதிக்கும், பெட்டி தொலையும், கொழும்பில் மழை கொட்டும்;
ஆகவே புதனே லண்டன்.
அடுத்த வெள்ளி விடியலில் நியூயார்க்.
"மூடுபனி இருந்தால்?"
ஆகவே அன்றிரவு விமானம் வேண்டாம். ஞாயிறு.
என் பென்சிலை வாங்கி இடைவெளிகளை அவரே குறித்தார்.
முறை வைத்துத் தண்ணீர் விட்ட கை.

"அமெரிக்காவில் யார் இருக்காங்க, மேடம்?"
"யாருமில்லை."
அங்கே அதிகாரி கேட்பான் என்றேன்,
கப்பலில் தனியாக வந்து இறங்கும் பெண்ணை.
மூன்று தாளையும் ஒரே உறையில் போட்டேன்,
விமானம், கப்பல், விமானம்.
ஒன்றுக்கு மற்றது சாட்சி.

ஜன்னல் வைத்த அறை முப்பதாயிரம் கூட.
"தூங்கத்தானே. தண்ணி பார்க்க மேலே போய்க்கிறேன்."
பிறகு, பையின் ஜிப்போடு மல்லுக்கட்டியபடி,
என்னிடம் இல்லாதது போல:
"யாரும் திறந்துவிடாத தண்ணியை
ஒரு வாரம் பார்க்கணும்."

ஒரே நிபந்தனை, ஜூன் பன்னிரண்டுக்கு முன் ஊரில் இருக்கவேண்டும்.
மேட்டூர் திறந்தால் ஓய்வு பெற்றவருக்கு என்ன?
நான் கேட்கவில்லை.

மே மாதம் போனார்.
மேற்கே போகிற கப்பலில் இரவுதோறும் கடிகாரத்தை
ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்களாம், ஐந்து இரவு.
கம்பெனித் தாளில் பொடி எழுத்தில் இருந்தது.
சனிக்கிழமை, கடை சாத்துமுன்
ஸ்டூலில் ஏறி, சுவர்க்கடிகார முள்ளை
ஒரு சுற்றுப் பின்னால் திருப்பினேன்.
ஞாயிறும். திங்களும். செவ்வாயும்.
ஏன் என்றால் சொல்லத் தெரியாது.

புதனன்று மஸ்கட் பையன் வந்திருந்தான், முதல் பயணம்.
அஸருக்குப் பாங்கு சொன்னபோது
என் சுவரில் பதினொன்றேமுக்கால்.
"செல் போச்சுக்கா" என்று எழுந்தான், வாங்கிவர.
உட்காரச் சொன்னேன்.
டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"இதுல போட்டிருக்கிற நேரம் எந்த ஊர் நேரம்?"
ஏறுவது ஏறுகிற ஊர் நேரம், தம்பி.
இறங்குவது இறங்குகிற ஊர் நேரம்.

"நடுவுல?" என்றான்.