நான்கு கம்பங்கள்

இந்தப் பள்ளத்தாக்கில் வீடு கட்டுமுன்
அதன் எலும்பைக் காட்ட வேண்டும்.
மூலைக்கு ஒன்றாய் அலுமினியக் கம்பம்,
கூரை எவ்வளவு சரியும் என்று சொல்ல
உச்சியில் சாய்த்துக் கட்டிய பலகை.
நடுவது என் பிழைப்பு.
இருபது நாள் எவரும் வந்து
அண்ணாந்து பார்க்கலாம்,
எனக்கு ஆகாது என்று எழுதிப் போடலாம்.

மெங்கியா கேட்டது ஓர் அறை.
கார் கொட்டகையின் தட்டைக் கூரைமேல்,
மூன்றரைக்கு நாலு மீட்டர்.
அதில் ஒரு சன்னல்,
படுத்தபடி பார்க்கிற மாதிரி, அகலமாக.
யார் படுக்க என்று அவள் சொல்லவில்லை.

ஊராட்சி விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
கூரைக்குக் கல்பலகை, தகரம் ஆகாது.
கதவுக்கு மூன்று நிறம்,
அதில் இரண்டு பழுப்பு.
வேலி இடுப்பைத் தாண்டினால் சுவர்,
சுவரென்றால் மனு.
சன்னலின் உயரம்
அகலத்தைவிட மிக வேண்டும்.

"மலை அகலமாகத்தானே இருக்கிறது"
என்றாள் மெங்கியா.
அலுவலர் யாச்சென்
இரு கை விரல்களால் ஒரு சட்டம் போட்டு
அதை நிமிர்த்திக் காட்டினார்.

போர்ச்சுகலின் வடமூலை, என் ஊர்.
அங்கே என் மாமன்
யாரையும் கேட்காமல் மாடி எழுப்பினான்.
அடுத்த வீட்டுக்காரி அடுப்படியில்
பதினோரு வருஷம்
பகலில் விளக்கெரித்தாள்.
அதனால் விதியைத் திட்டும்போது
நான் பாதி வாயால்தான் திட்டுவேன்.

பதினெட்டாம் நாள்
பால்ட்சர் காமெனிஷ் எழுதிப் போட்டார்:
நவம்பரில் இரண்டேகால் முதல் மூன்று வரை
என் மேசைமேல் நிழல் விழும்.

தீர்ப்பு வரும்வரை கம்பத்தைத் தொடக்கூடாது.
இரண்டு குளிர்காலம் நின்றது.
பனி ஏறிப் பலகை வளைந்தது.
மெங்கியா துணிக்கொடி கட்டினாள்;
கட்டடத்தின் உருவம் திரிகிறதென்று
கடிதம் வந்தது, அவிழ்த்தாள்.
பால்ட்சர் என்னை ஒருநாள் உள்ளே அழைத்து
மேசையைக் காட்டினார்.
விரல் தடிமனில் ஒரு கம்பத்து நிழல்
மெல்ல ஊர்ந்து வந்தது.
பேசிக்கொண்டே
அதற்கு வழிவிட்டுக்
கோப்பையை நகர்த்தினார்.

ஆகஸ்டில் ஒரு திருகு தளர்ந்ததென்று போனேன்.
பின்பக்கச் சரிவு கொட்டகைக் கூரைக்குச் சமம்,
நடந்தே ஏறலாம்.
கம்பங்களுக்கு நடுவே, கூரைமேல்
ஒரு கட்டில்.
கட்டிலில் மெங்கியாவின் தங்கை,
வாய் ஒருபக்கம் கோணி,
இடக்கை போர்வைக்குள் மறந்து கிடக்க.
சுவரில்லை, சன்னலில்லை,
மலை முழுசாக இருந்தது.
நான் திருகை முறுக்கினேன்.
இல்லாத வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

யாச்சென் புத்தகத்தைப் புரட்டினார்.
கட்டிலுக்கு விதி இல்லை.
ஆனால் நாற்பது நாளுக்கு மேல்
ஒரே இடத்தில் நின்றால்
எதுவும் கட்டுமானம்.

நாற்பதாம் நாள் காலை
பால்ட்சர் சரிவில் ஏறி வந்தார்.
நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பார்,
அவர் அப்படித்தான்.
வணக்கம் சொல்லாமல் கால்மாட்டைப் பிடித்தார்.
நான் தலைமாடு.
தங்கையோடு சேர்த்துத் தூக்கி
ஒரு முழம் தள்ளி வைத்தோம்.
"கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள் அவள்,
குழறலாக.
வைத்தோம்.
ஆட்சேபணையை மட்டும்
அவர் திரும்பப் பெறவில்லை.

அக்டோபரில் ஆம்புலன்ஸ் வந்து
அவளைக் கீழே கூட்டிப்போனது.
நவம்பர் கடைசியில் தீர்ப்பு:
அறை கட்டலாம்,
நிழல் பொறுத்துக்கொள்ளத் தக்கது.
சன்னல் நெட்டையாக.

மெங்கியா கடிதத்தைக்
குறுக்கே திருப்பி
மலைக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
பிறகு மடித்து என்னிடம் தந்து
கம்பத்தைப் பிடுங்கச் சொன்னாள்.

குழிகளை அடைத்துவிட்டுப் போக வேண்டும்,
அதற்கும் விதி உண்டு.
மண் உறைந்து கல்லாய்க் கிடந்தது,
நேரமாயிற்று.
திங்களன்று கீழூரில் ஒருவர்
கோழிக்கூடு போடுகிறாராம்.
அதற்கும் நாலு கம்பம்,
சின்னதாக.