விடாப்பிடி

சமதரையில் நின்ற வண்டிக்கு
ஒன்பது கடக் கேட்கும்வரை
கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான் மான்ஸி.
நான் இழுத்தால் நாலு, மேட்டில் ஐந்து.
மறுநாள் காலைக் கப்பலில் அபர்தீன் போனான்.
எண்ணெய்க் கிணற்றில் வேலை என்றான்.
வேலை மட்டும் இல்லை என்பது
ஸ்ட்ரோம்னஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு குளிர்காலம் பெஜோ அங்கேயே நின்றது.
மீன்கூடம் எனக்கு நடைதூரம்.
கடல் இருக்கிற ஊரில் காற்றுக்கும் உப்புக் கரிக்கும்,
சன்னலைத் துடைத்த துணியை
நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும்.
நவம்பரிலிருந்து கிர்க்வாலில் இரவுப்பணி,
அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டேன்.
முன்பக்கம் கிளம்பியது.
பின்சக்கரங்கள் உருளாமல்
சரளைக் கல்லில் இரண்டு கோடு கிழித்தன.
நெம்புகோலை இறக்கித்தான் வைத்திருந்தேன்.
அது தளதளவென்று ஆடியது,
யாரும் பிடிக்காத கைபோல.
கீழே வடம் மட்டும்
இன்னும் ஒன்பதிலேயே இருந்தது.

ஜாக்கி. முட்டு. முட்டை ஒருமுறை உதைத்துப் பார்த்தல்.
முதுகுக்குக் கீழே தீவனச் சாக்கு.
டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் தட்டினேன்,
கோபமாக அல்ல, கதவு தட்டுகிற மாதிரி.
பிறகு கோபமாக.
நாற்பதாவது அடியோ ஐம்பதாவதோ,
ஒரு ஏப்பம் விட்டுக் கழன்றது.
உள்ளே பிரேக் ஷூ
காதலைவிட நெருக்கமாக ஒட்டியிருந்த தடம்.

வடத்தின் நுனிக் கொக்கியைக் கழற்றினேன்.
உறை வரவில்லை.
பின்தகட்டின் ஓட்டைக்குள்
மூன்று விரல் விரித்துப் பிடித்திருக்கும் அதன் கிளிப்.
ஒன்றை அமுக்கினால் மற்ற இரண்டும் விரியும்.
திருப்புளி, குறடு, என் வாய்,
எதற்கும் மசியவில்லை.
எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டேன்,
அது எண்ணெயைக் குடித்துவிட்டு
அப்படியே உட்கார்ந்திருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் தோரா,
கையில் தேநீர், ஒரு குவளைதான்.
"பன்னிரண்டு நம்பர் வளைய ஸ்பேனர் இருக்கா?" என்றாள்.
சாக்கெட் பெட்டியை அவன் கொண்டுபோய்விட்டான்,
ஸ்பேனர்கள் இருந்தன.
"வளையத்தை நுனி வழியா மாட்டித் தள்ளு.
மூணு விரலும் ஒரே நேரத்தில் மடங்கும்."
எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
"நானும் ஒரு வண்டி வச்சிருந்தேன், இங்கா," என்றாள்.
வண்டியைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மாட்டினேன். தள்ளினேன்.
மடங்கியது. வெளியே வந்துவிட்டது.
அவ்வளவுதான், இவ்வளவு நேரம் அவ்வளவுதான்.

அடுத்தது, அடிப்பக்கக் குழாய்.
அங்கே உறையும் குழாயும் துருவும்
மூன்றும் ஒன்றாகியிருந்தன.
தீச்சுடர் காட்டலாம் என்று கையில் எடுத்தேன்,
பெட்ரோல் டாங்க் ஒரு முழம் தள்ளி இருந்தது.
சுடரை அணைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன்.
எவ்வளவு நாள் பிடித்திருந்தாலும்
அறுத்தால் ஐந்து நிமிடம்.
கடைசி இழை அறுந்தபோது வண்டி லேசாகப் பெருமூச்சு விட்டது.
கண்ணில் துரு விழுந்தது.
கண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம்,
மதிலுக்கு அந்தப் பக்கமும் அப்படியே சொன்னேன்.

புது வடம் கறுப்பாக, நெகிழ்வாக,
எதையும் அறியாமல் சொன்ன இடத்துக்குப் போனது.
இனி நிறுத்திப்போட்டால்
கியரில் விடுவேன், சக்கரத்தடியில் ஒரு கல் வைப்பேன்.
பிரேக் ஓய்வில் இருக்கட்டும்.

பழைய வடத்தைத் தரையில் போட்டேன்.
வண்டிக்கடியில் எப்படி வளைந்திருந்ததோ
அதே வளைவில் கிடந்தது, நிமிரவில்லை.
தோரா கேட்டாள்: "கோழிக்கூட்டுக் கதவைக் கட்ட எடுத்துக்கவா?"
எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
"நல்லாப் பிடிக்கும்," என்றாள், தூக்கிப் பார்த்து.

மணி நாலு. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
சாக்கை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.
வலச்சக்கரம் பாக்கி.