நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

அபுஷகாராவில் ஏழாவது மாடி.
கடல் இங்கிருந்து தெரியாது,
ஆனாலும் கைப்பிடிகளைத் தின்றுகொண்டிருக்கிறது.
வாசல் கதவுப் பிடியில் பச்சை பூத்துவிட்டது.
பால்கனிக் கதவின் பிடிக்கு
மே தொடங்கி செப்டம்பர் வரை
பழைய காலுறை ஒன்றை மாட்டிவைக்கிறோம்.
வெறுங்கை பட்டால் சுட்டுவிடும்.
அதெல்லாம் பழகிவிட்டது.

மாற்றச் சொன்னவள் நிலோபர்.
பதினான்கு வயது.
அவள் அறைக் கதவின் பிடி
தூக்கிப் பிடித்தால் நிற்கும், விட்டால் தொங்கும்.
பூட்டு எப்போதோ செத்துவிட்டது,
நாங்கள் குடிவருவதற்கும் முன்னால்.
"உம்மா, எனக்குப் பூட்டு வேணும்."
"பூட்டிட்டு என்ன செய்யப்போறே?"
என்றார் அவள் வாப்பா.
"ஒண்ணும் செய்யாம இருக்கப்போறேன்."

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனேன்.
கடைக்காரர் குல் ஜமான் திரையைப் பார்க்கவே இல்லை.
அளவு? என்றார்.
கதவின் ஓரத்திலிருந்து பிடியின் நடு வரை எத்தனை?
கதவின் கனம் எத்தனை?
பிடிக்கும் சாவித் துளைக்கும் இடையே எத்தனை?
ஏழு வருடமாகத் திறந்து மூடுகிற கதவைப் பற்றி
எனக்கு எதுவும் தெரியவில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள்
தங்க நிறத்தில், சிங்க முகத்தில்
வில்லாக்களுக்குப் போகிற பிடிகள்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து
அவள் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தேன்.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
அறுபதுக்குச் செய்தது இதில் பொருந்தாது,
எத்தனை அழகாக இருந்தாலும்.
(கல்யாணத் தரகர் எவரும்
இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.)

மறுபடி கடை.
உட்பக்கம் திருகு, வெளிப்பக்கம் சாவி.
போனில் அவர்:
"பாத்ரூம் மாடல் போதுமே.
ஒரு திர்ஹம் காசை வச்சுத் திருப்பினா
வெளியிலேர்ந்தே திறந்துக்கலாம்."
ஒரு திர்ஹத்துக்குத் திறக்கிறதெல்லாம்
கதவா என்று நினைத்தேன்.
லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.
துருப்பிடிக்காத எஃகு, மினுங்காதது,
எண்பத்தைந்து திர்ஹம், சாவி மூன்று.

ஜும்ஆ முடிந்து அவர் தூங்கிய நேரம்
பழையதைக் கழற்றினேன்.
யார் யாரோ அடித்த பெயின்ட்
திருகாணித் தலைகளை மூடியிருந்தது.
காய் நறுக்கும் கத்தியால் சுரண்டினேன்.
பிடி கையோடு வந்ததும்
கதவில் ஒரு துளை.
குனிந்து பார்த்தேன்.
அந்தப் பக்கம் ஒரு கண்.
கொஞ்ச நேரம் இருவரும் நகரவில்லை.
"ஸ்க்ரூவைத் தொலைச்சுடாதீங்க உம்மா"
என்றது கண்.

பழைய பிடி, செத்த பூட்டு, நான்கு திருகாணி
எல்லாம் செருப்புப் பெட்டிக்குள்.
காலி செய்கிற அன்றைக்கு
இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
கெட்டுப்போனதையும்
கெட்டபடியே திருப்பித் தர வேண்டிய வீடு.
பெட்டியின் மேல் "டெபாசிட்" என்று எழுதினேன்.

இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.
"உம்மா, சாவித் துளை என் பக்கம் இருக்கு.
திருகு உங்க பக்கம்."
பார்த்தேன். ஆமாம்.
சிலிண்டரை மாற்றிச் சொருகியிருக்கிறேன்,
அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி.
தெரியாமத்தான் என்றேன்.
தெரியும் என்றாள்.

கதவின் விளிம்பில் ஒரே ஒரு நீளத் திருகாணி,
அதுதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
அதைக் கழற்றி
சாவியைக் கொஞ்சமாகத் திருப்பி உருவி
திசை மாற்றிச் சொருகி முடுக்கினேன்.
மூன்று சாவியையும் அவள் மேசையில் வைத்தேன்.
ஒன்றை எடுத்துத் திரும்பத் தந்தாள்.
பிறகு கதவை மூடினாள்.
டிக்.
ஏசி சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

பாலைச் சூடாக்கிக்கொண்டு போய் நின்றேன்.
எந்த விரலால் தட்டுவது என்று தெரியவில்லை.
டம்ளரின் அடியால் தட்டினேன்.
மூன்றே பேர் இருக்கிற வீட்டில்
"யாரு?" என்று கேட்டாள்.